மே நாக் படம் ஏன் பயமுறுத்தவில்லை: ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு நெற்றி எலும்பும்

கேள்வி இதுதான்: "தாய்லாந்தின் மிகப் பிரபலமான பேய் மே நாக் என்கிறார்கள். அதை நம்பி 2005-இல் வந்த 'கோஸ்ட் ஆஃப் மே நாக்' பார்த்தேன். ஒன்றிரண்டு கொடூரச் சாவுகளைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. கதையே இவ்வளவுதானா, இல்லை படம்தான் சொதப்பலா?"

படம்தான் சொதப்பல். ஒன்றரை நூற்றாண்டாகத் தாய்லாந்து மக்களைத் தூங்கவிடாத கதை அது. அதிலிருந்து எதை எடுத்தால் உயிர் போய்விடுமோ, சரியாக அதை எடுத்துவிட்டுத்தான் இந்தப் படத்தைச் செய்திருக்கிறார்கள். எதை எடுத்தார்கள் என்று புரிய வேண்டுமானால் முதலில் கதை தெரிய வேண்டும்.

'மே' என்றால் அம்மா. 'நாக்' அவள் பெயர். நான்காம் ராமா மன்னர் காலத்தில், அதாவது 1851-க்கும் 1868-க்கும் இடையில், பாங்காக்கின் கிழக்கே ப்ரா கனோங் கால்வாய்க் கரையில் நாக் தன் கணவன் மாக்கோடு வாழ்ந்தாள் என்பார்கள். அவள் மாசமாக இருக்கும்போது மாக்கைப் போருக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சாகிறார்கள். மாதங்கள் கழித்து மாக் வீடு திரும்புகிறான். மனைவி படித்துறையில் பிள்ளையோடு நிற்கிறாள். சோறு ஆக்கிப் போடுகிறாள், தொட்டில் ஆட்டுகிறாள். அவள் செத்தது ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. சொல்ல வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

வயிற்றில் பிள்ளையோடு சாவதற்குத் தாய்லாந்து மொழியில் 'தாய் தாங் க்லோம்' என்று தனிப் பெயரே உண்டு. (இந்தத் 'தாய்' நம்முடைய தாய் இல்லை, அந்த மொழியில் அதற்குச் சாவு என்று பொருள்.) அகால மரணமடைந்தவர்களின் பேய்களிலேயே மிக உக்கிரமானது இந்த வகை என்பது நம்பிக்கை. இரண்டு உயிர் ஒன்றாகப் போயிருக்கிறது, இரண்டுக்கும் ஆசை அடங்கவில்லை.

இனி எலுமிச்சம்பழத்துக்கு வருவோம். மொத்தக் கதையும் தொங்குவது இந்த ஒரு காட்சியில்தான். அந்தக் காலத்துத் தாய்லாந்து வீடு மரக்கால்கள் மேல் நிற்கும். தரைக்கும் வீட்டுத் தளத்துக்கும் நடுவில் ஆள் நடமாடும் உயரம் இருக்கும். தளம் பலகையால் ஆனது, பலகைக்குப் பலகை இடுக்கு விட்டிருப்பார்கள். காற்றும் வரும், கழுவிய தண்ணீரும் கீழே இறங்கிவிடும். நாக் அடுக்களையில் 'நாம் ப்ரிக்' இடிக்கிறாள், நம்ம ஊர் மிளகாய்த் துவையல் மாதிரி. அதற்குப் பிழிய வைத்திருந்த எலுமிச்சம்பழம் உருண்டு இடுக்கு வழியாகக் கீழே விழுகிறது. மனுஷி என்றால் எழுந்து, படியிறங்கி, சுற்றி வந்து, குனிந்து எடுக்க வேண்டும். நாக் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டுகிறாள். கை தளத்தைத் தாண்டி, கீழே மண்வரைக்கும் நீள்கிறது. மாக் அதைப் பார்த்துவிடுகிறான்.

பயமுறுத்தவேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு அங்கே இல்லை. உலையில் வேலை கிடக்கிறது, அவசரம், மறந்துவிட்டாள். அன்பாகச் சமைத்துக்கொண்டிருக்கும்போது வந்த கைத்தவறு அது. புருஷனுக்கு வாய்க்கு ருசியாகப் போட வேண்டும் என்ற அக்கறையில்தான் குட்டு உடைகிறது. உலகப் பேய்க்கதைகளில் இவ்வளவு வீட்டு வாசம் அடிக்கும் திகில் காட்சி அபூர்வம்.

அதற்குப் பிறகு அவன் தப்பிக்கும் விதமும் வீட்டுச் சாமானை வைத்துத்தான். தண்ணீர்ச் சாடியில் முன்கூட்டியே ஓட்டை போட்டு மண்ணால் அடைத்து வைக்கிறான். ராத்திரி ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கி, அடைப்பைப் பிடுங்கிவிட்டு ஓடுகிறான். தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்கும்வரை அவள் மேலே காத்திருக்கிறாள். விஷயம் தெரிந்து துரத்தும்போது அவன் 'நாட்' செடிப் புதரில் ஒளிகிறான். பேய்களுக்கு அந்தச் செடி ஆகாது என்பது நம்பிக்கை. அங்கிருந்து வாட் மஹாபுட் புத்த கோயிலுக்குள் தஞ்சம். நாக்கின் கோபம் ஊர்மேல் திரும்புகிறது. ஒரு மந்திரவாதி அவளைப் பானையில் அடைத்துத் தண்ணீரில் விடுகிறான், தெரியாதவர்கள் கையில் சிக்கி அவள் மறுபடி வெளியே வருகிறாள். கடைசியில் சோம்டெட் தோ என்ற துறவி வந்து அவளை அமைதிப்படுத்துகிறார். இவர் கதாபாத்திரம் இல்லை, 1788 முதல் 1872 வரை வாழ்ந்த உண்மையான பெரியவர், தாய்லாந்தில் இன்றும் பெரிதாகக் கும்பிடப்படுபவர். அவர் நாக்கின் நெற்றி எலும்பில் ஒரு துண்டை எடுத்து, அதில் அவள் ஆவியைக் கட்டி, இடுப்பில் அணிந்துகொண்டார் என்பது வழக்கு. பிற்பாடு அந்த எலும்பு சும்போன் இளவரசர் கைக்குப் போனது என்பார்கள். தாய்லாந்துக் கடற்படையின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர், 1923-இல் காலமானார். அதற்குப் பிறகு எலும்பு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

2005 படம் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். பிரிட்டனைச் சேர்ந்த மார்க் டஃபீல்ட் எழுதி இயக்கியது. யோசனை மோசமில்லை: தொலைந்த எலும்பு இன்றைய பாங்காக்கில் ஒரு பழம்பொருளாக, உடையில் குத்தும் அணியாக வலம்வந்தால் என்ன ஆகும்? கல்யாணத்துக்குத் தயாராகும் ஒரு ஜோடி, பெயர்கள் அதே மாக், நாக். அந்த அணி அவர்கள் கையில் சிக்குகிறது. ப்ரா கனோங்கில் பழைய வீடு வாங்குகிறார்கள். திருட்டு நடக்கிறது, மாக் அடிபட்டு நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஜோடிக்குத் தீங்கு செய்தவர்கள் வரிசையாகக் கோரமாகச் சாகிறார்கள். புது நாக், பழைய நாக்கின் எலும்பு ரகசியத்தைத் தேடி அலைகிறாள்.

வெளிநாட்டுக்காரர் எடுத்ததால்தான் கெட்டுவிட்டது என்று சொல்வார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். சோம்டெட் தோ, நெற்றி எலும்பு, கோயில் என்று வீட்டுப்பாடத்தைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். தகவல் பிழையால் விழுந்த படம் இல்லை இது.

முதல் அடி, மாக்கைப் படுக்கையில் போட்டது. இந்தக் கதையில் பயம் இருப்பது பேயிடம் இல்லை, அவளோடு ஒரே பாயில் படுத்திருக்கும் கணவனின் அறியாமையில். நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு கவளத்தையும் அவன் வாயில் வைக்கும்போது நமக்கு வயிறு கலங்க வேண்டும். அவனே நினைவில்லாமல் கிடந்தால் யார் ஏமாறுவது, யார் கண்டுபிடிப்பது? எலுமிச்சம்பழம் விழுவதைப் பார்க்க ஆளில்லை.

அடுத்தது, அவள் யாரைக் கொல்கிறாள் என்பது. பழங்கதையில் சாகிறவர்கள் நல்லவர்கள். நண்பன், பக்கத்து வீட்டுக்காரன், பிரசவம் பார்த்தவள். அவர்கள் செய்த குற்றம் உண்மையைச் சொல்ல வந்தது. நாக்குக்கு நாம் இரக்கப்படுகிறோம், அவள் செய்வதை ஏற்கவும் முடியவில்லை. அந்த இழுபறிதான் கதை. 2005 படத்தில் சாகிறவர்கள் திருடர்களும் ஏமாற்றுக்காரர்களும். அவர்கள் செத்தால் பார்ப்பவனுக்கு நிம்மதிதான் வரும், பயம் எங்கிருந்து வரும்? பேய் காவல்காரி ஆகிவிட்டது. எல்லைச்சாமி போல் தப்பு செய்தவனை அடிக்கிற தெய்வத்தைப் பார்த்து நல்லவன் ஏன் நடுங்கவேண்டும்?

அந்தச் சாவுகளை எடுத்த விதமும் கடன் வாங்கியது. கண்ணாடிப் பலகை விழுந்து ஒரு ஆள் நெடுக்காக இரண்டாகப் பிளக்கும் காட்சியைத்தான் படம் பார்த்த எல்லோரும் சொல்வார்கள். தொழில் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2000-க்குப் பிறகு ஹாலிவுட்டில் பரவிய 'விபத்து போலத் தெரியும் விதியின் கொலை' பாணி அது. சாமான் நகர்கிறது, கம்பி அறுகிறது, ஆள் காலி. அங்கே விதிக்கு முகம் கிடையாது, அதனால் அந்தப் பாணி பொருந்துகிறது. மே நாக்குக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, மடியில் பிள்ளை உண்டு. அவள் வேலையைக் கண்ணாடிப் பலகை செய்தால் அவள் எதற்கு?

வீட்டையும் வீணடித்திருக்கிறார்கள். ப்ரா கனோங்கில் பழைய வீடு என்றதும், தளம், இடுக்கு, படித்துறை, கால்வாய் எல்லாம் கதைக்குள் வேலை செய்யும் என்று எதிர்பார்ப்போம். வெறும் முகவரியாக நின்றுவிடுகிறது. பிறகு அந்த எலும்பு. பழைய வழக்கில் அது முடிவின் அடையாளம், ஒரு துறவி ஒரு தாயின் துக்கத்தை இடுப்பில் சுமந்ததன் சாட்சி. படத்தில் அது 'சபிக்கப்பட்ட நகை' ஆகிறது. எந்த நாட்டுக் கதையிலும் செருகக்கூடிய பொருள். பெயரை மாற்றினால் எகிப்திய மம்மி படத்துக்கும் சரியாக இருக்கும்.

இதே சரக்கை வைத்து வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா? முடியும், பெரிய மாற்றம்கூட வேண்டாம். விபத்தில் மாக் பிழைக்கட்டும், நாக் சாகட்டும், அவனுக்கு அது தெரியாமல் போகட்டும். அடுக்குமாடி வீட்டில் எலுமிச்சம்பழம் பலகணி வழியாக ஏழு மாடி கீழே விழட்டும். மீதியைப் பார்ப்பவன் கற்பனையே செய்துகொள்ளும்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று 1999-இல் வந்த 'நாங் நாக்'. இயக்கம் நொன்சீ நிமிபுத்ர், திரைக்கதை விசிட் சசனதியெங். அதற்கு முன் பல தசாப்தங்களாக மே நாக்கைத் திரையிலும் தொலைக்காட்சியிலும் நீண்ட கூந்தல், வெளுத்த முகம் என்று காட்டிக் கேலிப்பொருள் ஆக்கியிருந்தார்கள். நொன்சீ முதலில் செய்தது கூந்தலை வெட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு சியாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) கிராமத்துப் பெண் எப்படி இருந்திருப்பாளோ அப்படி: ஒட்ட வெட்டிய முடி, வெற்றிலை போட்டுக் கறுத்த பல். நாக் வேடத்தில் இந்திரா ஜரோன்புரா, மாக் வேடத்தில் வினை க்ரைபுத். பேய் வேடமே இல்லாத பேய், அதனால்தான் நெஞ்சில் இறங்குகிறது. பிரசவ வலியும் போர்க்களக் காயமும் மாறி மாறி வரும் தொடக்கமும், கோயில் கூரையில் அவள் தலைகீழாக நிற்கும் காட்சியும் மறக்கமுடியாதவை. ஆனால் படத்தின் பெரும்பகுதி மழை, வயல், கால்வாய், சோறு. முடிவில் சோம்டெட் தோ அவளோடு சண்டை போடுவதில்லை, பேசுகிறார். சுமார் 15 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) வசூல், அன்றைய தாய்லாந்துக்கு அது பெரிய தொகை.

மற்றது 2013-இல் வந்த 'பீ மாக்', இயக்கம் பன்ஜோங் பிசந்தனகூன். 2004-இல் 'ஷட்டர்' எடுத்த இருவரில் ஒருவர். அந்த 'ஷட்டர்'தான் 2007-இல் தமிழில் 'சிவி' ஆனது, அதனால் இவர் கைவண்ணம் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கலாம். 'பீ மாக்' நகைச்சுவைப் படம், மாக்கின் நான்கு நண்பர்கள் அடிக்கும் லூட்டிதான் முக்கால்வாசி. நூறு கோடி பாட்டைத் தாண்டிய முதல் தாய்லாந்துப் படம் இதுதான். கேலி செய்யும் படம் எப்படிக் கதையைக் காப்பாற்றியது என்று கேட்கலாம். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கணக்கை அது விடவே இல்லை. நண்பர்கள் உண்மையைச் சொல்ல முடியாமல் தவிப்பது சிரிப்பாகவும் இருக்கிறது, உள்ளே கதிகலங்கவும் வைக்கிறது. எந்த இடத்தில் இவர்கள் மரபை மாற்றினார்கள் என்பதைச் சொன்னால் படம் கெட்டுவிடும். அந்த மாற்றமும் அதே கணக்குக்குள் செய்த மாற்றம்தான், அவ்வளவு சொல்லலாம்.

தலைப்பையும் கவனியுங்கள். தாய்லாந்து மொழியில் பேய்க்கும் 'பீ'தான், அண்ணனுக்கும் 'பீ'தான், குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. (தமிழ்க் காதுக்கு இரண்டுமே சங்கடம், அதை விடுங்கள்.) படத்தின் பெயரில் இருப்பது பேய் இல்லை, அண்ணன் என்ற மரியாதை. அங்கே மனைவி கணவனை அப்படித்தான் அழைப்பாள், நாம் அத்தான், மாமா என்பதுபோல. பேயின் பெயரில் ஓடிக்கொண்டிருந்த கதையை, பேய் தன் புருஷனைக் கூப்பிடும் சொல்லுக்கு மாற்றிவிட்டார்கள்.

இது உண்மையில் நடந்ததா என்று அடுத்து கேட்பீர்கள். 1899-இலேயே குலாப் என்ற பத்திரிகையாளர் தன் 'சியாம் ப்ரபேட்' இதழில் இதற்கு விளக்கம் எழுதிவிட்டார். அவர் கணக்குப்படி நாக் ப்ரா கனோங் ஊர்த் தலைவரின் மகள். கணவன் பெயர் மாக் இல்லை, சும். கூத்தில் தோட்சகன் வேடம் கட்டும் நடிகர், அதாவது நம் தசகண்டன், இராவணன். நாக் பேறுகாலத்தில் இறந்தாள். அப்பா மறுமணம் செய்தால் சொத்து கைமாறிவிடும் என்று பிள்ளைகளே பேய்ப் புரளியைக் கிளப்பினார்கள்: வழிப்போக்கர் மேல் கல் எறிந்தார்கள், ஒரு மகன் பெண் வேடமிட்டு ராத்திரியில் அப்பாவோடு இறைப்புச் சக்கரம் மிதித்தான். குலாப் எழுதியதை எல்லாம் ஆராய்ச்சியாளர்கள் அப்படியே நம்புவதில்லை, கட்டிச் சொல்பவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. ஆனாலும் பாருங்கள், புரளிப் பேய்கூட வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறது. ஊரைப் பயமுறுத்த அவர்களுக்குத் தோன்றிய வழி, செத்த மனைவி வீட்டு வேலை செய்வதாகக் காட்டுவது.

இதே அளவுகோலை மற்ற தாய்லாந்துப் பேய்ப் படங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். 'க்ரசூ' என்று ஒன்று உண்டு: பகலில் சாதாரணப் பெண், இரவில் தலை கழன்று குடல் தொங்க ஒளிவீசி மிதந்து இரை தேடும். பிரசவ வீட்டுக்கு நஞ்சுக்கொடி வாசனைக்கு வரும் என்று வீட்டைச் சுற்றி முள் போடுவார்கள். வெளியே காயும் துணியில் வாயைத் துடைத்துவிட்டுப் போகும் என்பதால் ராத்திரியில் துணியைக் காயவிட மாட்டார்கள். தொங்கும் குடலை மட்டும் நம்பிய க்ரசூ படங்கள் மலிவாகவே முடிந்தன. 2019-இல் சிதிசிரி மோங்கொல்சிரி இயக்கிய க்ரசூ படம் மட்டும் மனதில் நிலைத்து நின்றது. தனக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு கிராமத்துப் பெண்ணையும் அவள்மேல் பிரியம் வைத்தவர்களையும் அது நடுவில் வைத்தது. தாய்லாந்து அந்தப் படத்தை ஆஸ்காருக்கு அனுப்பியது.

பாங்காக் போனால் வாட் மஹாபுட்டில் நாக் கோயிலையும் பார்த்துவிடுங்கள். பறக்கும் ரயிலில் ஆன் நுட் நிலையத்தில் இறங்கி, சுகும்வித் 77-ஆவது தெருவுக்குள் போய், ஏழாம் சந்தில் திரும்பினால் கால்வாயை ஒட்டி இருக்கிறது. அங்கே அவளை 'யா நாக்' என்பார்கள், அப்பத்தா நாக். தங்க இதழ் ஒட்டிய சிலை, மடியில் பிள்ளை. காணிக்கையாகப் பெண்கள் பட்டு உடைகளும் அழகுச் சாமான்களும் வைக்கிறார்கள், பிள்ளைக்குப் பால்புட்டியும் பொம்மையும். அவள் பார்ப்பதற்கென்று தொலைக்காட்சிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். லாட்டரிக் குலுக்கல் மாதத்தில் 1-ஆம், 16-ஆம் தேதிகளில். அதற்கு முந்தைய நாட்களில் மரத்தில் பவுடர் தடவித் தேய்த்து எண் தேடுகிறவர்கள் கூட்டம் அதிகம். ஏப்ரலில் வேறு கூட்டம். அங்கே 21 வயது ஆண்கள் கட்டாய ராணுவச் சேர்க்கைக்குச் சீட்டு எடுக்க வேண்டும், கறுப்பு வந்தால் விடுதலை, சிவப்பு வந்தால் முகாம். கறுப்புச் சீட்டு கேட்டு வருகிறவர்கள் இவளிடம் வருகிறார்கள். தன் புருஷனைப் போருக்கு இழுத்துப்போனதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை என்பது அவர்கள் கணக்கு.

ஆக, பார்க்க வேண்டிய வரிசை: முதலில் 1999, அடுத்து 2013. 2005 படத்தைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களே, திரும்பத் தொட வேண்டாம். பிரசவக் காட்சி தாங்காதவர்கள் 1999 படத்தின் முதல் அரை மணியில் எச்சரிக்கையாக இருக்கலாம். வேற்று மொழிக் குரல் பதிவில் மட்டும் பார்க்காதீர்கள், அசல் ஒலியும் வசன வரியும் போதும். படித்துறையிலிருந்து நாக் இழுத்துக் கூப்பிடும் "பீ மாக் காஅஅ" என்ற அழைப்பைத் தாய்லாந்தில் சின்னப் பிள்ளைகள்கூட ஒருவரை ஒருவர் பயமுறுத்தச் சொல்லிக்காட்டுவார்கள். குரல் மாற்றியதில் முதலில் காணாமல் போவது அதுதான்.